ஏ-பீட்டா 16–22 திரள்தல்: கிரவுடர் (நெரிசல் உண்டாக்கும் துகள்) சேர்த்தால் ஒரு ஓட்டத்தில் வேகம், இன்னொன்றில் மந்தம். எதை நம்புவது?

தறிநூல் (கேள்வி):

செல்லுக்குள் இருக்கும் அளவு நெரிசல் கொடுத்தால் அமிலாய்டு பெப்டைடு திரளும் விதம் எப்படி மாறும் என்று சிமுலேஷனில் பார்க்க வேண்டும். எடுத்துக்கொண்டது ஏ-பீட்டா என்ற அல்சைமர் நோயோடு தொடர்புடைய பெப்டைடின் 16 முதல் 22 வரையுள்ள துண்டு: லைசின், லூசின், வாலின், இரண்டு ஃபினைல்அலனின், அலனின், குளூட்டமிக் அமிலம். இரு முனையும் மூடியது, நிகர மின்னூட்டம் சுழியம்.

அமைப்பு: 20 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரப் பெட்டி, அதில் 20 பெப்டைடு. விசைப்புலம் (துகள்களுக்கிடையே விசைகளைத் தரும் விதித்தொகுப்பு) மார்ட்டினி 3, இது சில அணுக்களை ஒரு 'மணி'யாகச் சுருக்கும்; நிரல் குரோமாக்ஸ் 2023, 310 கெல்வின், 20 ஃபெம்டோவிநாடிப் படி, கட்-ஆஃப் (இதற்கு அப்பால் விசை கணக்கிடப்படாது) 1.1 நா.மீ. உப்பு 0.15 மோலார் வர 723 சோடியம், 723 குளோரைடு. எல்லா ஓட்டத்திலும் இதே எண்ணிக்கை. கிரவுடர் என்பது 2 நா.மீ. ஆரமுள்ள உருண்டை. ஒரே மணியாக, சிக்மா (இரு மணி மையங்கள் நெருங்கக்கூடிய தூரத்தின் அளவு) 4 நா.மீ., விலக்கு விசை மட்டும் என்று வைத்திருக்கிறேன். பெப்டைடையும் மற்றக் கிரவுடரையும் மட்டுமே அது பார்க்கும். தண்ணீரோடும் அயனியோடும் எந்த விசையும் இல்லை. பருமப் பின்னம் (பெட்டியில் கிரவுடர் அடைக்கும் பங்கு) 0, 0.1, 0.2, 0.3. ஒவ்வொன்றிலும் 3 ஓட்டம், ஓட்டம் ஒன்றுக்கு 2 மைக்ரோவிநாடி.

0.2, 0.3 ஓட்டங்களில் பாதிக்கு மேல் நடுவழியில் வெடித்து நின்றுவிடுகின்றன. 0.1 ஓட்டங்கள் தாக்குப்பிடிக்கின்றன, ஆனால் கிரவுடர் இல்லாததற்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. தப்பிய 0.2 ஓட்டங்களில் ஒன்றில் எட்டுப் பெப்டைடுத் திரள் சீக்கிரமே வந்துவிட்டது. இன்னொன்றில் கடைசிவரை வரவில்லை. நெரிசல் திரள்தலைத் தூண்டும் என்றுதான் எல்லாக் கட்டுரையிலும் முதல் பத்தி ஆரம்பிக்கிறது. என் அமைப்பில் கோளாறா, இல்லை விளைவே இப்படித்தானா?

உப்புக்காற்று:

வெடிப்புக்குக் காரணம் கட்-ஆஃப். இரண்டு கிரவுடர் தொட்டுக்கொள்ளும்போது மையத்துக்கு மையம் தூரம் 4 நா.மீ. விலக்கு விசை அதற்குச் சற்று வெளியே, சிக்மாவின் 1.1225 மடங்கில், அதாவது 4.49 நா.மீ-யில் தொடங்க வேண்டும். நிரலோ 1.1 நா.மீ-க்குள் வரும் இணைகளுக்குத்தான் விசை கணக்கிடுகிறது. ஆகவே இரண்டு உருண்டையும் ஒன்றையொன்று ஊடுருவிக்கொண்டே போகின்றன. மையங்கள் 1.1-ஐத் தொட்ட கணத்தில் சிக்மா-வகுத்தல்-தூரத்தின் 12-ஆம் அடுக்கு திடீரென உயிர்பெறுகிறது. அது 50 லட்சத்தைத் தாண்டும். எந்தப் படிநீளமும் அதைத் தாங்காது. பெப்டைடு மணிக்கும் கிரவுடருக்கும் இதே கதைதான்: அங்கே சிக்மா சுமார் 2.2 நா.மீ., கட்-ஆஃப் அதே 1.1.

0.1-இல் வித்தியாசம் தெரியாததும் இதனால்தான். அங்கே மோதல் குறைவு, அதனால் வெடிக்கவில்லை. ஆனால் கிரவுடர் எந்த இடத்தையும் அடைக்கவுமில்லை. பெப்டைடு அதன் வழியாகவே நடந்து போகிறது. சொல்லப்போனால் வெடித்த ஓட்டங்கள்தான் உங்களுக்கு நன்மை செய்தன. தப்பித்தவற்றையும் சேர்த்து எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கட்-ஆஃபை 4.5-க்கு ஏற்றினால் தீராதா என்று தோன்றும். வேண்டாம். ஒரு மணிக்கான அண்டை எண்ணிக்கை கிட்டத்தட்ட 68 மடங்காகும். அதைவிட முக்கியம், மார்ட்டினியின் எண்கள் எல்லாம் 1.1 நா.மீ. கட்-ஆஃபோடு சேர்த்துப் பொருத்தப்பட்டவை. அதை மாற்றினால் அது மார்ட்டினியே அல்ல. இந்த ஓர் இணைக்கு மட்டும் சொந்த அட்டவணை விசை கொடுக்கலாமென்றால், குரோமாக்ஸ் 2020-இல் பழைய குழு முறையை எடுத்தபோது பிணைப்பற்ற அட்டவணை விசையும் போய்விட்டது.

மீதி இரண்டு வழி.

ஒன்று, கிரவுடரை ஓடாக, அதாவது சிறு மணிகளால் ஆன உள்ளீடற்ற உருண்டையாகக் கட்டுவது. மணி மையங்கள் 1.76 நா.மீ. ஆரத்தில், மணிக்கு மணி 0.47 நா.மீ. இடைவெளி. உருண்டைக்கு ஏறக்குறைய 200 மணி வரும். பருமப் பின்னம் 0.2-க்கு 48 உருண்டை, ஆக 9,600 மணி. பெட்டியில் தண்ணீர் மணியே 66,000 சொச்சம் இருப்பதால் இது பெரிய சுமையல்ல. அண்டை மணிகளை 1000 முதல் 1250 கிலோஜூல் விறைப்பில் கட்டுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் 20 ஃபெம்டோவிநாடியில் அதிர ஆரம்பிக்கும். தண்ணீர் நிரப்பும் கட்டளை ஓட்டுக்குள்ளேயும் தண்ணீர் போட்டுவிடும், மையத்திலிருந்து 1.7 நா.மீ-க்குள் இருக்கும் தண்ணீர் மணிகளை ஸ்கிரிப்ட் எழுதி நீக்கிவிட்டுத்தான் அடுத்த வேலை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஓட்டு மணி எல்லாரோடும் விலக்கு விசை மட்டுமே கொள்ளட்டும், அதுதானே நடுநிலை என்று விடாதீர்கள். தண்ணீரை விலக்கும் 2 நா.மீ. உருண்டை தண்ணீருக்குள் ஒரு நீர்வெறுக்கும் பரப்பு. இரண்டு ஃபினைல்அலனின் வைத்திருக்கும் பெப்டைடு அதன்மேல் போய் ஒட்டிக்கொள்ளும், விசைக் கோப்பில் ஈர்ப்பு என்று ஓர் எழுத்தும் இல்லாமலே. பிறகு நெரிசல் திரள்தலைத் தடுக்கிறது என்று முடிவு எழுத நேரும். கிரவுடர்-தண்ணீர் இணைக்குத் தண்ணீர்-தண்ணீர் அளவு ஈர்ப்பும், கிரவுடர்-பெப்டைடு, கிரவுடர்-கிரவுடர் இணைகளுக்கு விலக்கும் கொடுங்கள். இணைவாரியாக எழுதும் பகுதியில் இதைச் செய்யலாம்.

இரண்டாவது வழி, தண்ணீரையே விட்டுவிட்டு லாம்ப்ஸ், ஹூம்ட்-ப்ளூ, ஓபன்எம்எம் மாதிரி இணைக்கு இணை கட்-ஆஃப் மாற்றக்கூடிய நிரலுக்குப் போவது. அங்கே ஒற்றை உருண்டைக்கு நகர்த்திய விலக்கு விசை பயன்படுத்துங்கள்: தூரத்திலிருந்து ஆரத்தைக் கழித்துவிட்டு, மேல்தோலுக்கு மட்டும் 0.47 நா.மீ. சிக்மா. சிக்மாவையே 4 நா.மீ. ஆக்கினால் உருண்டை பஞ்சு மாதிரி மெத்தென்று ஆகிவிடும், பருமப் பின்னம் எவ்வளவு என்று சொல்லவே முடியாது.

தண்ணீரோடு விசையில்லாமல் வைத்தது தன்னளவில் பிழையல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெப்டைடை மட்டும் விலக்கி, தண்ணீரை ஊடுருவ விடும் கிரவுடரும் ஒரு நியாயமான மாதிரிதான். ஆனால் ஓட்டுக்கு மாறினால் உப்பு எண்ணிக்கையை மாற்றியே ஆகவேண்டும். பெட்டியில் ஐந்தில் ஒரு பங்கு இடத்தில் அயனி நுழையாதபோது 0.15 மோலாருக்கு வேண்டியது 578 இணை. 723 போட்டால் மீதி இடத்தில் செறிவு 0.19 ஆகிவிடும். பருமப் பின்னத்தோடு உப்பும் ஏறும், எதன் விளைவு எது என்று பிரிக்க முடியாது.

நெட்டாங்கு:

கிரவுடரைச் சரிசெய்வதற்கு முன் ஒரு கேள்வி: எந்தத் திரள்தலைப் பார்க்க வேண்டும்? மார்ட்டினியில் இரண்டாம்நிலைக் கட்டமைப்பு நாம் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது. ஓட்டத்தின் நடுவே சுருள் பீட்டா தாளாக மாறாது. பெப்டைடுகள் ஒன்றாகக் குவிவது தெரியும். குவியல் இழையாக ஒழுங்காவது தெரியாது. அமிலாய்டில் பாதிக் கதை அந்த இரண்டாவது கட்டத்தில்தான் இருக்கிறது.

இதே துண்டை வைத்து லாட்ஷா, சியான், கேரல் ஹால் 2014-இல் செய்த வேலை உங்கள் கேள்விக்கு மிக அருகில் நிற்கிறது. பிரைம்20 விசைப்புலம், தொடர்ச்சியற்ற மூலக்கூறு இயக்கவியல், 192 பெப்டைடு, கெட்டி உருண்டைக் கிரவுடர்கள் 5, 20, 40 ஆங்ஸ்ட்ராம் விட்டத்தில், பருமப் பின்னம் 0, 0.1, 0.2. கிரவுடர் இல்லாதபோது சிறு திரள்கள் மெதுவாக, ஒழுங்காக உருவாகின்றன. கிரவுடரின் மொத்தப் பரப்பளவு ஏற ஏற, பெப்டைடுகள் முதலில் சட்டென்று குவிந்து, பிறகு குவியலுக்குள்ளேயே இழையாக அடுக்கி மாறுகின்றன. வேகம் மட்டுமல்ல, பாதையே மாறுகிறது. எட்டுப் பெப்டைடு கூடிய நேரம் என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

முழு அணு மாதிரிக்குத் தாவினால் தீர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். பழைய விசைப்புலங்களில் புரதங்கள் ஒன்றோடொன்று அளவுக்கு மீறி ஒட்டும். கரைந்தே இருக்க வேண்டிய வில்லின் என்ற புரதத்தின் தலைப்பகுதி, நெரிசலான சிமுலேஷனில் செயற்கையாகத் திரள்வதைப் பெட்ரோவும் சாக்ரோவிச்சும் 2014-இல் காட்டினார்கள். அதே ஆண்டில் பெஸ்ட், ஜெங், மிட்டல் மூவரும் ஆம்பர்03 விசைப்புலத்தில் புரத-தண்ணீர் ஈர்ப்பை 10 சதவீதம் உயர்த்தி, டிப்4பி/2005 தண்ணீர் மாதிரியோடு சேர்த்துக் கொடுத்தது இந்த ஒட்டலைச் சரிசெய்யத்தான். மார்ட்டினி 2-இலும் இதே பிணி. 3-இல் குறைந்தது, முற்றிலும் போகவில்லை. ஒழுங்கற்ற புரதங்களுக்குப் புரத-தண்ணீர் ஈர்ப்பைச் சுமார் 10 சதவீதம் கூட்டினால்தான் சோதனை அளவுகளோடு ஒத்துவருகிறது என்று 2022-இல் காட்டப்பட்டது.

ஆகவே இழைதான் முக்கியமென்றால் பிரைம்20 அல்லது ஓபெப் விசைப்புலத்தின் பக்கம் போங்கள். குவிதல் கட்டம் மட்டும் போதுமென்றால் மார்ட்டினியில் தொடரலாம், கட்டுரையில் பீட்டா என்ற சொல்லை எடுக்காமல்.

கழிமுகம்:

இருவரும் சொன்னது சரி. ஆனால் ஓட்டுவதற்கு முன் எவ்வளவு பெரிய விளைவை எதிர்பார்க்கிறோம் என்று கையால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அதைச் செய்யாமல்தான் இந்தத் துறையில் பாதிக் குழப்பம்.

கெட்டி உருண்டைகளுக்கு நடுவே இன்னொரு உருண்டையை நுழைக்கும் செலவுக்கு அளவிட்ட துகள் கோட்பாடு ஒரு சூத்திரம் தருகிறது. ஆர் என்பது பெப்டைடு ஆரத்தைக் கிரவுடர் ஆரத்தால் வகுத்தது. ஒய் என்பது பருமப் பின்னத்தை, ஒன்றிலிருந்து அதைக் கழித்ததால் வகுத்தது. காமா என்பது செயற்பாட்டுக் கெழு, அதாவது பெப்டைடுச் செறிவு எத்தனை மடங்காக உணரப்படுகிறது என்பது. அப்போது

காமாவின் இயல் மடக்கை = −(1 − பருமப் பின்னம்)-இன் இயல் மடக்கை + (3ஆர் + 3ஆர்² + ஆர்³)ஒய் + (4.5ஆர்² + 3ஆர்³)ஒய்² + 3ஆர்³ஒய்³

பெப்டைடை 0.7 நா.மீ. உருண்டையாக எடுத்துக்கொள்வோம். 20 பெப்டைடு, 8000 கன நா.மீ.; செறிவு 4.15 மில்லிமோலார். பருமப் பின்னம் 0.2 என்றே வைத்துக்கொண்டு கிரவுடர் ஆரத்தை மட்டும் மாற்றினால்:

4 நா.மீ. ஆரம்: காமா 1.48, செயல்படு செறிவு 6.1 மில்லிமோலார்.
2 நா.மீ. ஆரம்: காமா 1.88, செயல்படு செறிவு 7.8.
1 நா.மீ. ஆரம்: காமா 4.1, செயல்படு செறிவு 17.

பருமப் பின்னம் ஒன்றே, விளைவில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். பரப்பளவுதான் முக்கியம் என்று நெட்டாங்கு சொன்ன முடிவும் இதுவும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. பெட்டிப் பருமன் ஒன்றுக்கான கிரவுடர் பரப்பளவு, பருமப் பின்னத்தின் மூன்று மடங்கை ஆரத்தால் வகுத்தது; ஆரம் பாதியானால் பரப்பு இரட்டிக்கும். 2 நா.மீ. கிரவுடரையே 0.3-க்கு ஏற்றினால் காமா 3.06.

இப்போது இரண்டு பெப்டைடு சேர்ந்து இரட்டையாவதைப் பாருங்கள். இரட்டையை இரு மடங்கு பருமனுள்ள உருண்டையாக எடுத்தால், சமநிலை மாறிலி உயர்வது தனிப் பெப்டைடின் காமா வர்க்கத்தை இரட்டையின் காமாவால் வகுத்த அளவு. 2 நா.மீ. கிரவுடர், 0.2 பின்னத்துக்கு அது 1.6 மடங்கு. கட்டிலா ஆற்றலில் சுமார் 0.3 கிலோகலோரி, வெப்ப ஆற்றலில் பாதிகூட இல்லை. ஒரு மூலக்கூறு சேரச் சேரக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும் என்பது உண்மை, அதனால் பெரிய கருவுக்கு விளைவு பெரிது. ஆனாலும் ஒரு தொடுகைக்கு 0.3 கிலோகலோரி என்பது விசைப்புலத்தின் ஒட்டல் பிழைக்குள் காணாமல் போகிற அளவு. கிரவுடரோடு ஓட்டிய ஒரே எண்ணைச் சோதனையோடு ஒப்பிடுவதில் பயனே இல்லை. ஒரே விசைப்புலத்தில், கிரவுடர் உள்ளதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே பேசலாம். அந்த வித்தியாசத்திலும் கிரவுடர்-பெப்டைடு ஈர்ப்பு துளி கலந்தால் குறியே மாறிவிடும்.

அதனால் ஒரு கட்டுப்பாட்டு ஓட்டம் அவசியம். கிரவுடரே இல்லாமல், பெட்டியை மட்டும் சுருக்கி, செயல்படு செறிவைச் சமமாக்குங்கள். 0.2 பின்னம், 2 நா.மீ. கிரவுடருக்கு 8000-ஐ 1.88-ஆல் வகுத்தால் பக்கம் 16.2 நா.மீ. வெறுமனே ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து 18.6 நா.மீ. என்று போடுகிறவர்கள் உண்டு. அது பெப்டைடைப் புள்ளியாக நினைத்துப் போடும் கணக்கு, விளைவைக் குறைத்துக் காட்டும். சுருக்கிய பெட்டியும் கிரவுடர் பெட்டியும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் நெரிசல் செய்தது செறிவை உயர்த்தியது மட்டுமே. வேறுபட்டால்தான் வடிவம், பரப்பு, விரவல் (பெப்டைடு அலைந்து பரவுவது) பற்றிப் பேச இடமிருக்கிறது.

இன்னொன்று: 2 நா.மீ. என்ற ஆரம் எங்கிருந்து வந்தது? லைசோசைம் என்ற சிறு புரதத்தை மனதில் வைத்திருந்தால், 14.3 கிலோடால்டனை ஒரு கிராமுக்கு 0.73 மில்லிலிட்டர் என்ற புரதப் பருமனால் பெருக்கினால் 1.6 நா.மீ. வரும். நீரியக்க ஆரம் 1.9-ஐ ஒட்டி வரும். 1.6-க்கும் 2-க்கும் நடுவே பருமன் இரட்டிக்கிறது. 48 லைசோசைம் உங்கள் பெட்டியில் லிட்டருக்கு 142 கிராம். உலர்ந்த பருமனில் பார்த்தால் பின்னம் 0.1 மட்டுமே. ஈ.கோலை செல்லில் லிட்டருக்கு 300 முதல் 400 கிராம் பெருமூலக்கூறுகள் என்பது சிம்மர்மனும் டிராக்கும் 1991-இல் தந்த மதிப்பீடு. 300-ஐ 0.73-ஆல் பெருக்கினால் 0.22. எந்த ஆரத்தில் கணக்குப் போட்டீர்கள் என்று எழுதாவிட்டால் பருமப் பின்னம் என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

தறிநூல்:

தெளிவாகிவிட்டது, நன்றி. இழை வேண்டாம், குவிதல் கட்டம் போதும் என்று முடிவெடுத்து மார்ட்டினியில் ஓட்டு முறைக்கு மாறுகிறேன். மூன்று சந்தேகம். கிரவுடர் ஆரத்தை 1, 2, 4 என்று மாற்றிப் பார்க்க இதே பெட்டி போதுமா? எத்தனை ஓட்டம் வேண்டும்? திரள் என்று எதை எண்ணுவது? 0.3 பின்னத்தில் கிரவுடரை அடுக்குவதே தகராறாக இருக்கிறது, செருகும் கட்டளை பாதியில் நின்றுவிடுகிறது.

பனங்காடு:

அடுக்குவதிலிருந்து தொடங்குகிறேன். ஒன்றன்பின் ஒன்றாக, போட்டதை நகர்த்தாமல் உருண்டை போட்டுக்கொண்டே போனால் 0.38-ஐ ஒட்டி முழுவதும் அடைபடும். 0.3-இலேயே ஒவ்வோர் உருண்டைக்கும் ஏராளமான முயற்சி தேவைப்படும். 0.6 மடங்கு ஆரத்தில் உருண்டைகளைப் போடுங்கள், தண்ணீர் இல்லாமல் குறுகிய ஓட்டங்களில் ஆரத்தைப் படிப்படியாக முழு அளவுக்கு வளர்த்துக் கலையவிடுங்கள், அந்த மைய இடங்களில் ஓடுகளை வையுங்கள். அடுத்து பெப்டைடு, கடைசியில் தண்ணீர். பெப்டைடை முதலில் போட்டுக் கிரவுடரைச் சுற்றி நிரப்பினால் எல்லாப் பெப்டைடும் ஒரே பொந்துக்குள் மாட்டிக்கொண்ட தொடக்கம் கிடைக்கும், அது வேகமான திரள்தல் போலவே தோன்றும். பெப்டைடு-பெப்டைடு ஈர்ப்பை அணைத்துவிட்டு, ஒரு பெப்டைடு பெட்டியின் பாதிப் பக்க தூரமாவது நகரும்வரை ஓட்டுங்கள். அங்கிருந்து ஈர்ப்பைத் திரும்பப் போட்டு, அந்தக் கணத்தைச் சுழியமாக எண்ணுங்கள்.

அந்த ஈர்ப்பற்ற ஓட்டத்தைத் தூக்கி எறியாதீர்கள், அது இரண்டு வேலைக்கு உதவும். ஒன்று, திரள் வரையறை. நெரிசலில் பெப்டைடுகள் ஒட்டாமலே பக்கத்தில் பக்கத்தில் நெருக்கப்பட்டு நிற்கும். 0.6 நா.மீ-க்குள் ஒரு மணி வந்தாலே தொடுகை என்று எண்ணினால் 0.3 பின்னத்தில் ஒன்றுமே இல்லாத இடத்திலும் திரள் தெரியும். ஈர்ப்பற்ற ஓட்டத்தில் இந்தப் பொய்த் திரள்களின் பரவல் எவ்வளவு என்று பார்த்து, எட்டுப் பேர் கூடுவது அதில் அறவே வராத அளவுக்கு வரையறையை இறுக்குங்கள். தொடுகை உருவாக 0.55, முறிய 0.8 என்று இரு எல்லை வைத்தால் ஓரத்தில் தத்தளிக்கும் இணைகள் தொல்லை கொடுக்காது.

இரண்டாவது வேலை, விரவல். நெரிசல் ஒரு கையால் செறிவை உயர்த்துகிறது, மறு கையால் பெப்டைடு நகர்வதைத் தடுக்கிறது. முதலாவது மேலோங்கினால் வேகம், இரண்டாவது மேலோங்கினால் மந்தம். பருமப் பின்னத்துக்கு எதிரே திரள் வேகத்தை வரைந்தால் ஏறி இறங்கும் வளைவு வருவது சகஜம். ஈர்ப்பற்ற ஓட்டத்தில் பெப்டைடின் விரவல் கெழுவை அளந்து, ஒவ்வொரு பின்னத்தின் நேர அச்சையும் அதனால் பெருக்கி மறுபடி வரைந்து பாருங்கள். வளைவுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மந்தத்துக்குக் காரணம் விரவல்தான். மார்ட்டினியில் நேரத்தை நான்கால் பெருக்கும் பழைய வழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம்; அந்தக் காரணி எல்லாப் பின்னத்துக்கும் ஒன்றே என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

விரவலை அளக்கும்போது பெட்டி அளவுத் திருத்தம் உண்டு. யே, ஹம்மர் 2004-இல் கொடுத்தது: வெப்ப ஆற்றலை 2.837-ஆல் பெருக்கி, ஆறு பை பாகுநிலை பெட்டிப் பக்கத்தால் வகுத்துக் கூட்ட வேண்டும். மதிப்பீட்டுக்கு எளிய வடிவம், துகள் ஆரத்தைப் பெட்டிப் பக்கத்தால் வகுத்து 2.84-ஆல் பெருக்குவது. உங்கள் பெப்டைடுக்கு 10 சதவீதம், 2 நா.மீ. கிரவுடருக்கு 28 சதவீதம். சூத்திரத்தில் போட வேண்டியது நெரிசல் கரைசலின் பாகுநிலை, தூய தண்ணீருடையது அல்ல. தூய தண்ணீரைப் போட்டால் திருத்தமே அளந்த மதிப்பை விழுங்கிவிடும். தண்ணீருக்குப் பதில் உராய்வும் தற்செயல் உதைகளும் கொடுக்கும் லாங்கெவின் ஓட்டத்தில் நீரியக்க விசை கிடையாது, அங்கே இந்தத் திருத்தத்தைச் சேர்க்கக் கூடாது.

பெட்டி அளவு: 0.2 பின்னத்தில் 1 நா.மீ. ஆரமென்றால் 382 உருண்டை, 2-க்கு 48, 4-க்கு 6. ஆறு உருண்டையை வைத்து நெரிசல் என்று சொல்ல முடியாது. பக்கத்தை 40 நா.மீ. ஆக்குங்கள், 160 பெப்டைடு, 4 நா.மீ. உருண்டை 48. மூன்று ஆரத்தையும் இந்தப் பெரிய பெட்டியிலேயே ஓட்டினால்தான் ஒப்பிட முடியும். சிறிய பெட்டியில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது: 20 பெப்டைடில் எட்டுப் பேர் ஒரு திரளில் போய்விட்டால் வெளியே மிச்சம் 12, தனிப் பெப்டைடுச் செறிவு 40 சதவீதம் விழுகிறது. திரள் வளர்வது நிற்பது நெரிசலால் அல்ல, சரக்கு தீர்ந்ததால்.

ஓட்ட எண்ணிக்கை. கருவாக்கம் (திரளின் முதல் கரு உருவாவது) ஒற்றைத் தடையைத் தாண்டும் நிகழ்வாக இருந்தால் காத்திருப்பு நேரம் அடுக்குக்குறிப் பரவலில் இருக்கும். அதன் விலகல் சராசரி அளவுக்கே பெரிது. ஆக 3 ஓட்டத்தில் ஒன்று சீக்கிரம், ஒன்று வரவே இல்லை என்பது முரணே அல்ல, எதிர்பார்க்க வேண்டியதே. மூன்று மூன்று நிகழ்வை வைத்து இரண்டு வேகங்களின் விகிதம் சொன்னால் அதில் ஒரு திட்டவிலகலே 2.3 மடங்கு. கழிமுகம் கணக்கிட்ட 1.6 மடங்கை இரண்டு திட்டவிலகல் நம்பிக்கையோடு பிரித்துக் காட்ட ஒவ்வொரு பக்கமும் சுமார் 36 நிகழ்வு வேண்டும். 2 மைக்ரோவிநாடி நீளமுள்ள சில ஓட்டத்தைவிடக் குட்டையான பல ஓட்டம் நல்லது. எட்டுப் பெப்டைடுத் திரள் வராமல் முடிந்த ஓட்டங்களைச் சராசரியிலிருந்து விடாதீர்கள்: மொத்த நிகழ்வு எண்ணிக்கையை, நிகழ்வு வராத ஓட்டங்களின் நேரத்தையும் சேர்த்த மொத்த நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும்.

நெட்டாங்கு:

ஒரு மாற்றுக் கருத்து. நடுநிலை உருண்டையை இவ்வளவு கவனமாகச் செதுக்கியபின் கிடைப்பது ஃபிக்கால், டெக்ஸ்ட்ரான் (சோதனைக்கூடத்தில் நெரிசலுக்குச் சேர்க்கும் சர்க்கரைப் பாலிமர்கள்) கரைசலுக்குப் பொருந்தும் விடை, அதுவும் ஓரளவுக்கே. செல்லுக்குள் கிரவுடரும் புரதம், மின்னூட்டமும் நீர்வெறுக்கும் ஒட்டுகளும் கொண்டது. லைசோசைமுக்கு நடுநிலை அமில அளவில் நிகர மின்னூட்டம் +8. உங்கள் பெப்டைடின் குளூட்டமிக் முனை அதன்மேல் சாயும், தனிப் பெப்டைடுகள் அங்கேயே கட்டுண்டு கிடக்கும், திரள்தல் தடைபடும். செல் என்ற சொல் தலைப்பில் வந்தால் உருண்டை போதாது. மெக்கஃபியும் எல்காக்கும் 2010-இல் ஈ.கோலை சைட்டோபிளாசத்தை 50 வகைப் பெருமூலக்கூறுகளோடு ஓட்டியபோதே, விலக்குப் பருமன் மட்டும் போதாது, மென்மையான ஈர்ப்பும் வேண்டும் என்பது வெளிப்பட்டுவிட்டது.

கழிமுகம்:

மறுக்கவில்லை, வரிசைதான் வேறு. நேராக லைசோசைமுக்குப் போனால் விலக்குப் பருமன், மின்னூட்டம், விசைப்புல ஒட்டல் மூன்றும் ஒரே எண்ணுக்குள் கலந்து வரும். அதைப் பிரிக்க எப்படியும் உருண்டை ஓட்டம் தேவைப்படும். முதலில் உருண்டை, அடுத்து அதே உருண்டையில் கிரவுடர்-பெப்டைடு ஈர்ப்பைச் சுழியத்திலிருந்து சிறு சிறு படியாக ஏற்றி, எந்த அளவில் தூண்டுதல் தடையாக மாறுகிறது என்று குறித்துக்கொள்வது. அதன்பின் லைசோசைம். அப்போது லைசோசைம் அந்தக் கோட்டில் எங்கே விழுகிறது என்றாவது சொல்ல முடியும்.

தறிநூலுக்கு ஒன்று: லைசோசைமை மார்ட்டினியில் போடும்போது பெப்டைடே இல்லாமல் 48 லைசோசைமை மட்டும் தனியாக ஓட்டிப் பாருங்கள். அவை தாமாகவே ஒரே கட்டியாகிவிட்டால் அந்த விசைப்புலத்தில் நெரிசல் ஆய்வு செய்வதில் பொருளில்லை. புரத-தண்ணீர் ஈர்ப்பைக் கூட்டிய வடிவத்துக்கு மாறுங்கள், அப்படி மாறினால் கிரவுடர் இல்லாத ஓட்டம் உட்பட எல்லாவற்றையும் அதே வடிவில் மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும்.

உப்புக்காற்று:

ஓட்டு உருண்டை போடும்போது அழுத்தக் கட்டுப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லை. தண்ணீரோடு ஓட்டுவதால் முதலில் 1 பாரில் பெட்டியைச் சமநிலைக்குக் கொண்டுவாருங்கள், பக்கம் 40 நா.மீ-யிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள், தண்ணீர் மணி எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்து 40-க்கே திரும்பக் கொண்டுவந்தபின் மாறாப் பருமனில் ஓட்டுங்கள். மாறா அழுத்தத்திலேயே விட்டால் ஒவ்வொரு பின்னத்துக்கும் பெட்டி ஒவ்வோர் அளவில் நிற்கும், பெப்டைடுச் செறிவும் பருமப் பின்னமும் உள்ளீட்டுக் கோப்பில் எழுதியதாக இருக்காது. தண்ணீர் இல்லாத ஓட்டமென்றால் மாறாப் பருமன் மட்டும்தான். அங்கே 1 பார் என்று போட்டால் பெட்டி நீங்கள் வைத்த அளவில் நிற்காது, பருமப் பின்னமும் மாறிவிடும்.